சோதனை செய்யாததற்கு என்ன தண்டனை?

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் சுங்குவார்சத்திரம் வரும். கைப்பேசி செய்யும் பாக்ஸ்கானும் வீட்டுச் சாதனங்கள் செய்யும் சாம்சங்கும் இந்தப் பக்கம். தெற்கே ஒரகடம்வரை போனால் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாக ஆலைகள். 2024 செப்டம்பரில் தொடங்கிச் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் நடத்திய வேலைநிறுத்தத்தால் இந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. ஓராண்டு கழித்து அதே பெயர் மறுபடியும் அடிபட்டபோது காரணம் வேறு. அங்கே ஒரு சிறு கட்டடத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் என்ற நிறுவனம் தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். 2025 அக்டோபர் 1 அன்று அந்த மாநிலத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் தகவல் வந்தது. ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்த விடுமுறை நாட்கள் அவை. இருந்தும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள், சென்னையிலுள்ள அரசு ஆய்வகம் இரண்டே நாளில் முடிவைச் சொன்னது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் 100 மில்லி மருந்துக்கு 48.6 கிராம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். ஏறத்தாழப் பாதிப் புட்டி நஞ்சு என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்த நஞ்சு மருந்துக்குள் வரும் வழி ஒன்றும் மர்மமானதல்ல. பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. குழந்தைகளுக்கான திரவ மருந்தில் அதைக் கரைத்து நிறுத்தப் புரோப்பிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் சேர்க்கிறார்கள். இரண்டும் நிறமில்லாத, கெட்டியான, இனிப்பான திரவங்கள். டைஎத்திலீன் கிளைக்காலும் அப்படியே இருக்கும், நாக்குக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அது பிரேக் ஆயில், பெயின்ட், பிசின் போன்ற தொழில்களுக்கான சரக்கு, விலையும் குறைவு. மருந்துத் தரத்தில் தயாரித்த கிளைக்காலுக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தரச் சரக்கை வாங்கும்போது இது கலந்தோ, லேபிள் மாறியோ உள்ளே வந்துவிடும். உடலுக்குள் போனதும் அது அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சளி, காய்ச்சல் என்று மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைக்கு ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுவிடுகிறது. சிந்த்வாராவின் பராசியா பகுதியிலிருந்து நாக்பூர் மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கவில்லை. பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

ஆலையைச் சோதித்த அதிகாரிகள் 364 குறைபாடுகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் 39 மிகக் கடுமையானவை, 325 பெரியவை. மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைக்காலை வாங்கியதும், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் இருக்கிறதா என்று சோதிக்காமலே பயன்படுத்தியதும் அந்தப் பட்டியலில் முக்கியமானவை. அக்டோபர் 9 அன்று மத்தியப் பிரதேசக் காவல்துறை நிறுவனத்தின் உரிமையாளரைச் சென்னையில் கைது செய்தது. 13 அன்று உரிமம் ரத்தானது, அதே நாளில் அமலாக்கத் துறையின் சோதனையும் உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கையும் வந்தன. வழக்கு நீதிமன்றத்தின் பொறுப்பு, அதன் முடிவை இங்கே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. தூக்கில் போட வேண்டும் என்று ஊர்முழுக்க எழுந்த குரலில் காணாமல் போன ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம். முதல் குழந்தை இறப்பதற்கு முந்தைய நாள் ஓர் அதிகாரி அந்த ஆலைக்குள் நுழைந்து, கிளைக்கால் கேனைச் சோதிக்கவே இல்லை என்பதைக் கண்டுபிடித்திருந்தால், சட்டம் அதற்கு என்ன தண்டனை வைத்திருந்தது? பதில் நம்மைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும்.

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-ல் வந்தது. அதன் 27-ஆவது பிரிவில்தான் தண்டனைகள் இருக்கின்றன. கலப்பட மருந்தோ போலி மருந்தோ ஒருவருடைய சாவுக்கோ கொடுங்காயத்துக்கோ காரணமானால் குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அபராதம் குறைந்தது பத்து லட்சம் ரூபாய் அல்லது பறிமுதலான மருந்தின் மதிப்பைப்போல் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. அந்தத் தொகை பாதிக்கப்பட்டவருக்கு, அவர் இறந்திருந்தால் வாரிசுக்குப் போய்ச் சேர வேண்டும். சாவு நேராவிட்டாலும் போலி மருந்துக்கு ஏழு ஆண்டிலிருந்து ஆயுள்வரை உண்டு. சாவு நேராத கலப்படத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. இவை எதிலும் அடங்காத மற்ற மீறல்கள் எல்லாம் கடைசி உட்பிரிவில் விழுகின்றன. ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு, குறைந்தது இருபதாயிரம் ரூபாய் அபராதம். மூலப்பொருளைச் சோதிக்காமல் விட்டது, உற்பத்தி விதிகளை மதிக்காதது ஆகிய எல்லாம் இங்கேதான். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம் இந்தக் கடைசி உட்பிரிவை, சமரசத் தொகை கட்டி வழக்கை முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. ஆக, சோதிக்காத அந்தக் கேனுக்கு முந்தைய நாள் விலை பணம். குழந்தை இறந்த மறுநாள் விலை ஆயுள். இரண்டு நாளிலும் ஆலைக்காரர் செய்தது ஒன்றேதான். இடையில் மாறியது கேனுக்குள் என்ன இருந்தது என்பது மட்டும், அதாவது அவருடைய அதிர்ஷ்டம்.

நம் சட்டம் புட்டிக்குள் இருப்பதை அளந்து தண்டிக்கிறது, ஆலைக்குள் நடக்காததை அளப்பதில்லை என்பதே என் வாதம். புட்டி பெரும்பாலும் யாராவது இறந்த பிறகுதான் ஆய்வகத்துக்குப் போகிறது. தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதால் இது சரியாகாது. தண்டனை தொடங்கும் இடத்தை முன்னால் நகர்த்த வேண்டும்.

மருந்தில் கை வைப்பவன் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது ஒரு வில்லன். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1982-ல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் கடையில் விற்ற டைலனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். செய்தவர் இன்றுவரை பிடிபடவில்லை. மறுவருடமே மருந்தில் கை வைப்பதற்கென்று தனிக் கூட்டாட்சிக் குற்றச் சட்டம் வந்தது, பிரித்தால் தெரிகிற முத்திரை போட்ட மூடி கட்டாயமானது. இன்று நாம் மருந்துப் புட்டியைத் திறக்கும்போது 'கட்' என்று முறியும் வளையம் அந்த வழியில் வந்ததுதான். சென்னையிலும் 2010-ல் காலாவதி மருந்து விவகாரம் வெடித்தது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு வந்த பழைய மருந்துகளைப் பொறுக்கித் தேதியை மாற்றி மறுபடியும் கடைகளுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டபோது ஊரே கொதித்தது. இத்தகைய குற்றங்களுக்கு எண்ணம் உண்டு, மறைப்பு உண்டு, பணக்கணக்கு உண்டு. காவல்துறையும் நீதிமன்றமும் புழங்கிப் பழகிய குற்றங்கள் அவை. ஆனால் கோல்ட்ரிஃப் புட்டியின் மூடியில் முத்திரை அப்படியே இருந்தது. லேபிள் அசல், உரிம எண் அசல், நிறுவனம் அரசு அனுமதி பெற்றது. வெளியாள் யாரும் கை வைக்கவில்லை. மூடி போடுவதற்கு முன்பே நஞ்சு உள்ளே போய்விட்டது. நம் சட்டத்தின் மிகக் கடுமையான பிரிவுகள் போலி மருந்துக்காரனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உரிமம் வாங்கிய சோம்பேறியை அவை கற்பனை செய்யவில்லை.

இந்தச் சோம்பலின் வரலாறு நீளமானது. 1937-ல் அமெரிக்காவில் மாசெங்கில் என்ற நிறுவனம் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய சட்டத்தில் மருந்தை விற்பதற்கு முன் சோதிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆல்கஹால் இல்லாத மருந்துக்கு 'எலிக்சர்' என்று பெயரிட்டது தவறு என்ற லேபிள் குற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் அபராதம் போட முடிந்தது. அடுத்த ஆண்டே அங்கே சட்டம் மாறியது. இங்கே, 1972-ல் சென்னையில் ஏறத்தாழ பதினைந்து குழந்தைகள் இதே திரவத்தால் இறந்தார்கள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் மூலம் பதினான்கு பேர். அதை விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையம் ஆலையோடு நிற்காமல், மருத்துவமனையின் கொள்முதல், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், அமைச்சர் அலுவலகம் வரை போய்க் குறை சொன்னது. 1998-ல் குருகிராமில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவின் ராம்நகரில் பன்னிரண்டு. 2022-ல் ஹரியாணாவிலிருந்து காம்பியாவுக்குப் போன மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டவை எழுபது சாவுகள்வரை, நொய்டாவிலிருந்து உஸ்பெகிஸ்தானுக்குப் போனதில் அறுபதுக்கும் மேல். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக ஒரே நஞ்சு, ஒரே வகை மருந்து, பெரும்பாலும் ஒரே வயதினர். இது புதுவகைக் குற்றம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1972-லேயே பாடம் படித்திருக்க வேண்டிய மாநிலம் நம்முடையது என்பதும் கசப்பான உண்மை.

அப்படியென்றால் தண்டனையை இன்னும் கடுமையாக்க வேண்டும், மரண தண்டனை வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். 2003-ல் மாஷேல்கர் குழு போலி மருந்துக்கு மரண தண்டனையைப் பரிந்துரைத்தது, அந்த ஆண்டே மசோதாவும் வந்தது. ஐந்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2008-ல் நிறைவேறிய திருத்தம் ஆயுள் தண்டனையோடு நின்றுகொண்டது. நின்றது சரிதான் என்பது என் எண்ணம். சீனாவைப் பாருங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவராக இருந்த செங் சியாவ்யூ லஞ்சம் வாங்கி மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தார் என்று 2007 ஜூலையில் அவருக்கு மரண தண்டனையே நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டிலேயே சீனாவிலிருந்து போன ஹெப்பாரின் மருந்தில் கலப்படம் வெளிவந்தது, மெலமின் கலந்த பால்பவுடர் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பாதித்தது. கடும் தண்டனைக்குப் பயப்படுவதற்கு, தான் செய்வது குற்றம் என்றும் தான் பிடிபடலாம் என்றும் ஒருவர் முதலில் கணக்குப் போட வேண்டும். சோதனை செய்யாமல் கேனைத் திறப்பவர் கணக்கே போடுவதில்லை. நேற்று திறந்த கேனில் ஒன்றும் ஆகவில்லை, அதற்கு முந்தைய வாரமும் ஆகவில்லை, இன்றும் ஆகாது என்ற பழக்கத்தில் திறக்கிறார். அவருடைய கண்ணுக்கு மரண தண்டனை தெரியாது. அடுத்த மாதம் வரப்போகும் ஆய்வாளர் வேண்டுமானால் தெரியலாம்.

தண்டனையின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் கவனிக்கத் தக்கது. உஸ்பெகிஸ்தான் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இருபத்துமூன்று பேருக்குத் தண்டனை விதித்தது, இறக்குமதி நிறுவனத்தின் தலைமையில் இருந்த இந்தியர் ஒருவருக்கு இருபது ஆண்டு. இந்தோனேசியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த துயரத்தில் சிக்கிய நிறுவன நிர்வாகிகளுக்கு 2023-ல் கிடைத்தது இரண்டு ஆண்டு. ஒன்று மிக அதிகம், மற்றது மிகக் குறைவு என்று வாதாடலாம். ஆனால் இரண்டிலும் சாவு நேர்ந்து ஒன்றரை ஆண்டுக்குள் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. நம் கதை வேறு. காம்பியா விவகாரத்தில் பெயர் அடிபட்ட ஹரியாணா நிறுவனத்தின் நிர்வாகிகள் இருவருக்கு 2023 பிப்ரவரியில் சோனிபத் நீதிமன்றம் இரண்டரை ஆண்டு சிறை கொடுத்தது. காம்பியாவுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு வியட்நாமுக்கு அனுப்பிய தரமற்ற ரானிடிடின் மாத்திரைக்காக. அந்த வழக்கு நீதிமன்றத்தில் நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளிலெல்லாம் நிறுவனம் மருந்து தயாரித்துக்கொண்டும் ஏற்றுமதி செய்துகொண்டும் இருந்தது. அந்தத் தீர்ப்பு மூன்று ஆண்டுக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

தாமதத்துக்கு ஒரு காரணம், வழக்கு யார் கையில் இருக்கிறது என்பது. 1940 சட்டத்தின் 32-ஆவது பிரிவுப்படி இக்குற்றங்களுக்கு மருந்து ஆய்வாளரோ, அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரோ, பாதிக்கப்பட்டவரோ, அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமோதான் வழக்குத் தொடர முடியும். 2020-ல் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, காவல்துறை இந்தச் சட்டத்தின் மருந்துக் குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்ய முடியாது என்றது. மருந்து விவகாரம் தொழில்நுட்பம் தெரிந்தவர் கையில் இருக்கட்டும் என்பது நியாயமான யோசனை. ஆனால் நடைமுறையில் அது ஒரு முடிச்சைப் போட்டுவிடுகிறது. ஆலையை ஆய்வு செய்யத் தவறிய அலுவலகமே அந்த ஆலைமீது வழக்குத் தொடரும் அலுவலகமும் ஆகிறது. ஸ்ரீசன் விவகாரத்தில் முறையாக ஆய்வு செய்யவில்லை என்று முதுநிலை மருந்து ஆய்வாளர்கள் இருவரைத் தமிழ்நாடு அரசு பணியிடை நீக்கம் செய்தது. தன் துறையின் தவறும் வெளிவரும் ஒரு வழக்கை எந்த அலுவலகம் வேகமாக நடத்தும்?

காவல்துறை வேறு வழியாக வர வேண்டியிருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதா வழியாக. அதில் மருந்துக் கலப்படத்துக்கு என்றே 276-ஆவது பிரிவு இருக்கிறது. தண்டனை என்ன தெரியுமா? ஓராண்டுவரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 1860-ன் பழைய தண்டனைச் சட்டத்தில் ஆறு மாதமும் ஆயிரம் ரூபாயும் இருந்தன. நூற்று அறுபது ஆண்டு கழித்துப் புதிதாகச் சட்டம் எழுதியவர்கள் அதை இரட்டிப்பாக்கி, அபராதத்தை ஐந்து மடங்காக்கித் திருப்தி அடைந்துவிட்டார்கள். உத்தரப் பிரதேசமும் மேற்கு வங்கமும் 1970-களிலேயே இந்தப் பிரிவுகளைத் தம் மாநிலத்தில் ஆயுள் தண்டனைவரை உயர்த்தியிருந்தன என்பது புதிய சட்டத்தில் எங்கும் எதிரொலிக்கவில்லை. ஆகவே காவல்துறை 105-ஆவது பிரிவுக்கு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தாவுகிறது. சிந்த்வாரா வழக்கிலும் இதுதான் நடந்தது. இந்தப் பிரிவில் ஆயுள் தண்டனைவரை இடம் உண்டு, ஆனால் மரணம் நேரக்கூடும் என்று குற்றவாளி அறிந்திருந்தார் என்பதையாவது அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். சோதிக்கவே சோதிக்காதவர் எதை அறிந்திருந்தார்? எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அறியாமையே அவருக்குக் கேடயமாகிவிடும்.

1940 சட்டம் இந்த இடத்தில் எவ்வளவோ மேல். மருந்தின் தன்மையோ தரமோ எனக்குத் தெரியாது என்பது ஒரு சமாதானமே ஆகாது என்று அதன் 19-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நான் நம்பி வாங்கினேன், உரிமமுள்ள தயாரிப்பாளரிடமிருந்துதான் வந்தது, உரிய கவனத்தோடு பார்த்தும் தெரியவில்லை என்று தப்பிக்கும் வழி மருந்துக்கடைக்காரருக்கு உண்டு, தயாரிப்பாளருக்குக் கிடையாது. 'கெமிக்கல் வியாபாரி ஏமாற்றிவிட்டார்' என்ற வாதம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அது அந்த வியாபாரியையும் கூண்டில் ஏற்றப் பயன்படுமே தவிர, தயாரிப்பாளரை இறக்கிவிடாது. வியாபாரி ஏமாற்றக்கூடும் என்பதால்தான் ஒவ்வொரு கேனையும் சோதிக்கச் சொல்லி விதி இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது, அதை உதறிவிட்டுப் போக முடியாது. இந்தியாவில் மலிவாக மருந்து கிடைப்பதற்குச் சிறு நிறுவனங்களும் ஒரு காரணம். பதிவேட்டில் ஒரு பக்கம் விடுபட்டதற்கெல்லாம் சிறை என்றால் அவர்கள் கடையை மூடிவிடுவார்கள், விலை ஏறும், ஏழைக்கே நஷ்டம் என்பது அவர்கள் தரப்பு. லேபிளில் எழுத்துப் பிழை, மாத்திரையின் ஓரம் உடைந்தது போன்ற சில்லறைத் தவறுகளுக்குக் கிரிமினல் வழக்கு எதற்கு என்றுதான் ஜன் விஸ்வாஸ் சட்டத்தையும் நியாயப்படுத்தினார்கள். அதில் பாதி எனக்கும் சம்மதம். நீதிமன்றத்தை அற்ப வழக்குகளால் நிரப்பினால் பெரிய வழக்குகள்தான் பின்னால் தள்ளப்படும். கோளாறு அங்கே இல்லை. எழுத்துப் பிழையையும் சோதிக்காத கிளைக்காலையும் ஒரே உட்பிரிவுக்குள் போட்டதில்தான் கோளாறு. இரண்டையும் பிரித்து எழுதினால் போதும், சிறு ஆலைக்காரர் பயப்பட ஒன்றுமில்லை. இந்தச் சோதனை ஒன்றும் கோடி ரூபாய் இயந்திரம் கேட்பதல்ல. மெல்லிய தகட்டில் சொட்டு வைத்துப் பிரித்துப் பார்க்கும் எளிய முறையிலேயே டைஎத்திலீன் கிளைக்காலை முதற்கட்டமாகக் கண்டுபிடிக்கலாம். காம்பியா, இந்தோனேசியா சாவுகளுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமே அந்த மலிவான முறையை வகுத்து வெளியிட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் மட்டும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இந்தச் செலவைத் தாங்க முடியாத ஆலை குழந்தைகளுக்கான திரவ மருந்து தயாரிக்காமல் இருப்பதே நல்லது. உற்பத்தி நெறிகளைச் சொல்லும் 'எம்' அட்டவணையை 2023 இறுதியில் திருத்திவிட்டு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர்வரை அவகாசத்தை நீட்டித்ததும் இதே கருணையால்தான். அந்த எஸ்ஆர்-13 பேட்ச் தயாரானது 2025 மே மாதம், அவகாசம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். மூலப்பொருளைச் சோதிக்க வேண்டும் என்பது பழைய அட்டவணையிலேயே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவகாசம் அதற்குக் கொடுக்கப்பட்டதல்ல.

செலவு தாங்காது என்ற வாதத்தை உடைக்க நம் அரசின் உத்தரவு ஒன்றே போதும். காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் பெயர் கெட்ட பிறகு, 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இருமல் மருந்தும் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்றுத்தான் கப்பலேற வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்தது. ஏற்றுமதியாளர்கள் கட்டுப்பட்டார்கள், தொழில் மூழ்கிவிடவில்லை. உள்நாட்டுக் குழந்தைக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து சிந்த்வாராவுக்குப் போன சரக்கு, கடல் தாண்டியிருந்தால் சோதனைக்கு உட்பட்டிருக்கும். 2025 அக்டோபர் 7 அன்றுதான் எல்லா மூலப்பொருளையும் தயாரித்த மருந்தையும் சோதித்த பிறகே வெளியிட வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏற்கெனவே விதியில் இருப்பதை மறுபடியும் கடிதமாக எழுத வேண்டி வந்ததே அந்த விதியின் நிலைமையைக் காட்டிவிடுகிறது.

பராசியாவில் அந்த மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரையும் கைது செய்தார்கள், மருத்துவர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கோல்ட்ரிஃப் போன்ற கலவை மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே எச்சரிக்கை இருந்தது உண்மை, அந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் புட்டிக்குள் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததை எந்த மருத்துவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மருந்துக்கடைக்காரராலும் தாயாராலும் முடியாது. முடிந்திருக்கக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கேன் வந்து இறங்கிய ஆலை, மற்றது அந்த ஆலையைப் பார்க்க வேண்டிய அரசு அலுவலகம். குற்றப் பொறுப்பும் இந்த இரண்டு இடங்களில்தான் கனமாக விழ வேண்டும். பணியிடை நீக்கம் பொறுப்பேற்றல் ஆகாது. 2017-க்குப் பிறகு மருந்து உரிமத்தை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியதில்லை, கட்டணம் கட்டினால் தொடரும். புதுப்பிக்கும் நேரத்திலாவது ஓர் அதிகாரி உள்ளே போய்ப் பார்ப்பார் என்ற பழைய வாய்ப்பும் போய்விட்டது. ஆகவே ஆய்வுக்குப் போனாரா, போனால் என்ன கண்டார் என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவதும், போகாமலே போனதாக எழுதியிருந்தால் அதைக் குற்றமாக்குவதும் தேவை.

இதே தொழில்தடத்தின் கார் ஆலைகளில் ஒரு பிரேக் குழாய் பழுதானால், அது எந்த நிறுவனத்தின் எந்த நாள் சரக்கு, எந்தெந்த வண்டியில் பொருத்தப்பட்டது என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். வாங்குபவர் நிர்ப்பந்திப்பதால் அந்த ஒழுங்கு வந்தது. மருந்தில் வாங்குபவர் காய்ச்சலில் அழும் குழந்தை. அதன் சார்பில் நிர்ப்பந்திக்கச் சட்டத்தைத் தவிர வேறு யாரும் இல்லை. திருத்தம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 27-ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவைப் புதிதாகச் சேர்க்கலாம். நஞ்சு கலக்க வாய்ப்புள்ளவை என்று அறிவிக்கப்பட்ட கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்களைக் கேன்வாரியாகச் சோதித்த பதிவு இல்லாமல் வாய்வழி மருந்தில் சேர்ப்பது, யாருக்கும் தீங்கு நேர்ந்தாலும் நேராவிட்டாலும், சமரசத்துக்கு இடமில்லாத குற்றம். கலப்படத்துக்கு இருக்கும் அதே மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. சோதிக்காமலே சோதித்ததாகப் பதிவு எழுதியிருந்தால் இன்னும் கூடுதல். தண்டனை கிடைத்தால் உரிமம் தானாகவே போகும். வழக்குத் தொடரும் அதிகாரம் உள்ளூர் ஆய்வாளரிடம் மட்டும் நிற்காமல், அவருடைய துறைக்கு வெளியே உள்ள ஓர் அலுவலருக்கும் கிடைக்க வேண்டும். இந்தக் குற்றத்தை நிரூபிக்கப் பிரேதப் பரிசோதனை தேவையில்லை. இருப்பில் எத்தனை கேன், பதிவேட்டில் எத்தனை சோதனை என்று எண்ணிப் பார்த்தால் போதும், ஓர் ஆய்வாளர் ஒரு முற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலை.